யாரும் கூப்பிடாத மேடை

அத்தியாயம் பதினான்கு

வழிப்பதற்குப் பனி ஒன்றும் இல்லை. இரவு விழுந்தது விரல்கடை அளவு. அதையும் றிச்சர்ட் விடியப்புறமே எழும்பி வழித்து உப்பும் போட்டு முடித்துவிட்டார். ஆனாலும் காலை எட்டு மணிக்கு மறுபடியும் பனி வழிக்கும் சவலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். இந்த முறை பக்கத்து வீட்டுக்காரரின் வாசல்.

அன்ரனெற் சமையலறை யன்னலால் எட்டிப் பார்த்தாள். கணவருக்கு அயலவர்மேல் திடீரென்று பொங்கிய அன்பு இல்லை இது என்று அவளுக்குத் தெரியும். மேலே, மகளைக் கட்டப்போகிற இவான் குளித்து, தலைவாரி, ஐந்து நாளாகத் தொண்டையில் வைத்திருந்த ஒரு கேள்வியோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தான். அவன் வாய் திறக்குமுன் வெளியே போய்விட வேண்டும். அதற்குத்தான் பனி.

விருந்தாளிகள் வேல்ஸிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து இதே கூத்து. விமான நிலையத்திலேயே பையன் "உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்" என்று தொடங்க, இவர் "கார் எடுத்துக்கொண்டு வாறன்" என்று நழுவிவிட்டார். கனடாவின் அஜக்ஸ் நகரத்தில் இந்தக் கிழமை ஆகத் துப்புரவான வாசல் எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

மகள் நிலாணி மருந்தாளர் படிப்புக்கு வேல்ஸ் போனாள். படித்து முடித்து லான்கெலின் என்ற மலையடிக் கிராமத்து மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நானூறு சனம் உள்ள ஊர். கடையிலும் கோவிலிலும் ஆட்டுச் சந்தையிலும் வெல்ஷ் மொழிதான். வெளியாள் வந்தால் மரியாதைக்கு ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். இரண்டாவது வருடம் ஒருநாள், தன்னைக் கண்டும் அவர்கள் மாறவில்லை என்று நிலாணி தொலைபேசியில் அழுதாள். சந்தோச அழுகை. நாலாவது வருடம், அந்த ஊர் ஆட்டுப்பண்ணைக்காரன் இவானைக் கட்ட முடிவெடுத்தாள். முடிவெடுத்த பிறகு வீட்டுக்குச் சொன்னாள்.

அந்தப் 'பிறகு' தான் றிச்சர்டின் தொண்டையில் முள். பையன் வெள்ளைக்காரன் என்பதில் அவருக்குக் குறையில்லை. ஆடு வளர்ப்பதிலும் இல்லை. "என்னட்டை ஒரு வார்த்தை கேட்டவையோ?" அவ்வளவுதான். எல்லாம் முடிந்த பிறகு வந்து கேட்பதைக் கேட்டதாகவே அவர் எடுப்பதாயில்லை.

றிச்சர்டைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குற்றம் என்று விளங்கும். கூப்பிடாமல் எங்கும் போகாத மனிதர். பிக்கரிங்கில் ஒரு கலியாணத்தில் "வாங்கோ சாப்பிட" என்று வீட்டுக்காரர் கைபிடித்துச் சொல்லவில்லை என்பதற்காக, நூற்றைம்பது டொலர் மொய் எழுதிவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பி வந்தவர். சொந்த வீட்டிலேயே மூன்று தரம் கூப்பிட்டால்தான் மேசைக்கு வருவார்.

இன்று மாலை ஐந்து மணிக்கு வெக்ஸ்போர்ட்டில், கோவில் மண்டபத்தில் மோதிரம் மாற்றுகிறார்கள். நூற்றைம்பது பேர். பிள்ளையின் தகப்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால் சனம் அதைத்தான் சாப்பாட்டோடு சேர்த்து மெல்லும். மகளும் அந்த முகத்தைத்தான் வேல்ஸுக்குக் கொண்டுபோவாள். இன்றைக்குள் அந்த முகத்தைத் திருப்பியே தீருவது என்று அன்ரனெற் கங்கணம் கட்டியிருந்தாள். அதற்கு அவளிடம் ஒரு திட்டமும் இருந்தது. ஆறு கிழமை பாடுபட்டுப் போட்ட இரகசியத் திட்டம்.

அந்தத் திட்டம் சரியாகக் காலை ஒன்பதே காலுக்கு மண்ணாய்ப் போனது.

இவானின் தாய் மெகன் சும்மா இருக்க மாட்டாள். வந்த மறுநாளே சமையலறைக்குள் புகுந்துவிட்டாள். இன்றைக்கு இருநூறு மட்டன் றோல்ஸ். அன்ரனெற் சுருட்டிக் கொடுக்க, மெகன் முட்டையில் தோய்த்து றஸ்க் தூளில் புரட்டினாள். இருவருக்கும் இரண்டாம் மொழியான ஆங்கிலத்தில்தான் பேச்சு. அதனால் ஒருவர் பிழையை ஒருவர் பொருட்படுத்துவதில்லை.

"ஆடுகளை யார் பார்க்கிறார்கள்?" என்று அன்ரனெற் கேட்டாள்.

"ஏழு வீட்டுக்காரர் முறை வைத்திருக்கிறார்கள். இன்றைக்குத் தபால்கார ஹியூவின் முறை. குட்டி போடும் காலம் மார்ச்சில்தான். பண்ணைக்காரன் பயணம் போவதென்றால் ஜனவரியில் போனால்தான் உண்டு." மெகன் ஒரு றோலைத் தட்டில் வைத்தாள். "ஆனால் எம்லின் இருந்திருந்தால் ஜனவரியில் எங்கேயும் வந்திருக்க மாட்டார். இது பிளகைன் காலம்."

எம்லின் மெகனின் கணவர். போன உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த கிழமை காலமானவர். பிளகைன் என்பது அந்தப் பக்கத்து ஊர்களில் நத்தார்ப் பண்டிகையையொட்டி ஜனவரி வரை கோவில்களில் நடக்கும் பாட்டு வழிபாடு. அன்ரனெற்றுக்கு அது தெரியும். தெரிந்ததால் வந்த வினைதான் எல்லாம்.

போன வருடம் நிலாணி தன் போனில் ஒரு பதிவு அனுப்பியிருந்தாள். எம்லினும் இரண்டு மகன்மாரும் மூன்று குரலில் பாடிய பழைய கரோல். கோவில் பாடகர் குழுவை இருபது வருடமாக நடத்துகிற அன்ரனெற் அதைக் கேட்ட அன்றே மயங்கிவிட்டாள். மூன்று குரலையும் காதாலேயே பிரித்து எடுத்தாள். வெல்ஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பன்னிரண்டு தாள் அடித்தாள். ஆறு கிழமை குழுவுக்குப் பழக்கினாள். கீழ்க்குரலுக்கு ஆம்பிளைகள் போதாமல், அவளைக் காரில் ஏற்றி இறக்க வந்த றிச்சர்டையும் இழுத்து வைத்துப் பாட விட்டாள். மாப்பிள்ளை வீட்டுப் பாட்டை மாப்பிள்ளை வீட்டாருக்கே பாடிக் காட்டி அசத்த வேண்டும். நிலாணிக்குக்கூட இதைப்பற்றி மூச்சு விடவில்லை.

"அங்கே நிகழ்ச்சி நிரல் உண்டா?" என்றாள் அன்ரனெற், முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று மாவைப் பார்த்துக்கொண்டு.

மெகன் சிரித்தாள். "நிகழ்ச்சி நிரலா? குருவானவர் செபம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. சில நேரம் ஐந்து நிமிடம்கூட அப்படியே கிடக்கும். ஒரு வீட்டார் எழும்பி முன்னால் போவார்கள், பாடுவார்கள், வந்து உட்காருவார்கள். யாரும் கைதட்டுவதில்லை. அடுத்த வீட்டார் எழும்புவார்கள். பாடின பாட்டை அன்று வேறு யாரும் பாடக்கூடாது. அதிலும் சில பாட்டுகள் அந்தந்த வீட்டுக்கு உரியவை. எங்கள் ஹவோட் பண்ணைக்கு ஒன்று இருக்கிறது. எம்லினின் பாட்டனார் கையால் எழுதி வைத்த கொப்பி."

அன்ரனெற்றின் கை நின்றது.

"தெரியாமல் யாரும் பாடிவிட்டால்?"

"என் மாமியார் காலத்தில் ஒருமுறை நடந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள் ஒரு கிழவரின் வீட்டுப் பாட்டைப் பாடிவிட்டார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். கிழவர் தன் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தார். சண்டை பிடிக்கவில்லை. சாப்பாட்டுக்கும் நின்றார். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டார் அந்தப் பாட்டைப் பாடவே இல்லை." மெகன் கையிலிருந்த தூளைத் தட்டினாள். "பையன்கள் கொப்பியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இன்றைக்குப் பாடுவார்களோ, எனக்குத் தெரியாது. அவர் போன பிறகு பாடவில்லை. மூன்று குரல் பாட்டுக்கு இப்போது இரண்டு பேர்தான்."

"ஊரில் வேறு யாரையும் கேட்கலாமே, கீழ்க்குரலுக்கு?"

"எம்லினின் இடத்துக்கா?" மெகன் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். "கேட்டதற்காக வருகிறவர் உதவிக்கு வருகிறவர், அன்ரனெற். தானாக எழும்பி வருகிறவர்தான் வீட்டு ஆள்."

அன்ரனெற் கையைக் கழுவினாள். துடைத்தாள். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்குப் போன் எடுத்தாள். நிலாணி இவானின் தம்பி கரெத்தோடு கேக் எடுக்கப் போயிருந்தாள்.

"பிள்ளை, உந்தப் பிளகைன் பாட்டு விசயம் எனக்கேன் முதலே சொல்லேல்லை? ஒருதரின்ர பாட்டை ஒருதர் பாடக்கூடாதாமே?"

"Yeah, அது ஒரு rule மாதிரி. ஏனம்மா?"

"ஒண்டுமில்லை."

"அம்மா. நீங்க 'ஒண்டுமில்லை' எண்டா something big. என்ன செய்தனீங்க?"

அன்ரனெற் சொன்னாள். நிலாணி அழுகைக் குரலில் சொன்னாள்: "அம்மா, it's so sweet. ஆனா நீங்க பாடினா இவான் வாயே திறக்க மாட்டான். They'll just close the book. அவன் அந்தக் கொப்பியை கரி-ஓன் பைக்குள்ள வைச்சு மடியில கொண்டு வந்தவன்."

"சரி. அழாத. பாட மாட்டம்."

"எப்பிடி? ஜூலியஸ் பெரியப்பா program அடிச்சிட்டாரே?"

"அதை நான் பாக்கிறன்," என்றாள் அன்ரனெற். வெட்கத்தில் காது சுட்டது. நல்லது செய்யப் போய், செத்த மனிதனின் பாட்டை அவன் பிள்ளைகளின் வாயிலிருந்தே பறிக்கப் பார்த்திருக்கிறாளே! ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. மணி ஒன்பதே முக்கால்.

ஒரு மணிக்கு வெக்ஸ்போர்ட் மண்டபத்தில் பாடகர் குழு கடைசி ஒத்திகைக்குக் கூடியது. அன்ரனெற் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். பிழை தன்னுடையது என்றாள். தாள்களைத் திருப்பித் தரச் சொன்னாள்.

முதலில் வெடித்தவள் நதீஷா. குழுவிலேயே நல்ல மேற்குரல் அவளுடையது, வாயும் அப்படித்தான்.

"ஆறு கிழமை அக்கா! அந்த நாக்கை ஒட்டிக்கொண்டு பக்கத்தால காத்து விடுற சத்தத்துக்கு நான் கண்ணாடிக்கு முன்னால நிண்டு எவ்வளவு துப்பல் துப்பினனான்! என்ர மனிசன் எனக்கு ஏதோ வருத்தமெண்டு டொக்டரிட்டை அப்பொயின்மென்ற் வைச்சிட்டார்!"

"தெரியுமடி. நானும் துப்பினனான்."

"அவையள் பாடுவினமெண்டும் நிச்சயமில்லையாம். பாடாட்டி? அவையளும் பாடேல்லை, நாங்களும் பாடேல்லை எண்டு போகும்."

"போகட்டும்," என்றாள் அன்ரனெற். "உன்ர கொப்பர் உன்னைத் தாலாட்டின பாட்டை, அவர் செத்த வருசம், ஊர் பேர் தெரியாத பன்ரண்டு பேர் உனக்கு முன்னால நிண்டு பாடினா உனக்கு எப்பிடி இருக்கும்?"

நதீஷா தன் தாளை மடித்துக் கொடுத்தாள். அவள் கொடுத்ததும் மற்றவர்களும் கொடுத்தார்கள்.

"எங்கட பாலன் யேசு பாட்டுப் பாடுவம். தமிழில. நத்தார் முடிஞ்சு போச்செண்டு நினையாதேங்கோ, அவையளுக்கு இன்னும் முடியேல்லை," என்றாள் அன்ரனெற்.

தாள்களை எண்ணினாள். பதினொன்று. ஒன்று எங்கோ விழுந்துவிட்டது போலும். தேட நேரமில்லை. மண்டபத்தின் மறுமூலையில் இதைவிடப் பெரிய மலை ஒன்று மைக்கைப் பிடித்து "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தது.

ஜூலியஸ் றிச்சர்டின் தமையன். ரொறன்ரோவில் தமிழர் மண்டபம் எது திறந்தாலும் ஜூலியஸ்தான் அறிவிப்பாளர். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, புத்தக வெளியீடு, ஓய்வுபெறுகிறவருக்குப் பொன்னாடை, எதுவும் விலக்கில்லை. மனிதர் மைக்கோடு பிறந்தார் என்று மனைவியே சொல்லுவாள்.

"அத்தான், நிகழ்ச்சி நிரலில நாலாவதையும் ஏழாவதையும் வெட்ட வேணும்."

நாலாவது: 'வெல்ஷ் மொழிப் பாடல்.' ஏழாவது: 'மணமகன் குடும்பத்தினர் பாடி மகிழ்விப்பர்.'

"வெட்டுறதோ? நூற்றைம்பது கொப்பி கலரில அடிச்சுக் கிடக்கு!"

அன்ரனெற் கைப்பையிலிருந்து இரண்டு கறுப்பு மார்க்கர் பேனைகளை எடுத்து மேசையில் வைத்தாள். வருகிற வழியில் வாங்கியவை. குழுவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். நூற்றைம்பது தாளிலும் கோடு விழத் தொடங்கியதை ஜூலியஸ் தன் பிள்ளைகளை யாரோ அடிப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, அப்ப மாப்பிள்ளையாக்களை நான் வாயால கூப்பிடுறன்."

"கூப்பிடவும் கூடாது."

"கூப்பிடாமல் எப்பிடிப் பிள்ளை ஒருதன் மேடைக்கு வாறது?"

"வந்தா வருவினம். வராட்டி விடுவினம். மோதிரம் மாத்தினாப் பிறகு ஒரு ஏழு நிமிசம் மைக்கை நிப்பாட்டி வையுங்கோ. பாட்டு வேண்டாம், பேச்சு வேண்டாம்."

"ஏழு நிமிசமோ! சனம் கரண்ட் போயிட்டுதெண்டு நினைக்கும்."

"அஞ்சு."

"மூண்டு."

"அஞ்சு, அத்தான். இருபத்தொன்பது வருசத்தில உங்களிட்டை நான் ஒண்டும் கேட்டதில்லை."

அது உண்மை. ஜூலியஸ் மைக்கைப் பார்த்தார், தம்பியின் மனைவியைப் பார்த்தார். "அஞ்சு நிமிசம்," என்றார், சிலுவையில் ஏறுகிற குரலில்.

றிச்சர்ட் கதிரைகளை விரித்துக்கொண்டிருந்தார். மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து, கறுப்புக் கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எங்கட பாட்டை வெட்டிப்போட்டீரோ?"

"ஓம்." அன்ரனெற் அவருக்கும் நடந்ததைச் சொன்னாள். எம்லின், கொப்பி, கூப்பிடாமல் எழும்பும் வழக்கம், மூன்று குரலில் ஒன்று இல்லாதது, எல்லாம். ஒன்றை மட்டும் விட்டாள். தானாக எழும்பி வருகிறவர்தான் வீட்டு ஆள் என்று மெகன் சொன்னதை.

"அப்ப நான் ஆறு கிழமை 401 ரோட்டு வழிய காருக்குள்ள கத்தினதெல்லாம்?"

"சும்மாதான்."

றிச்சர்ட் ஒரு கதிரையை விரித்தார். அடுத்ததை விரிக்கவில்லை. "அந்தாளின்ர குரல் நல்ல குரல்," என்றார்.

"எந்தாள்?"

"செத்தவர்தான். ரெண்டாம் வரியில ஒரு இறக்கம் இறங்குவார். படியில காலை வைக்கிற மாதிரி நிதானமா. எனக்கு அதைப் பிடிக்க ரெண்டு கிழமை எடுத்தது."

அன்ரனெற்றின் வாயில் அந்த வசனம் வந்து நின்றது. 'நீங்கள் போய்ப் பாடுங்கோவன்.' மூன்றே மூன்று சொல். இருபத்தொன்பது வருடமாக இந்த மனிதரைச் சாப்பாட்டுக்கும் பூசைக்கும் படம் எடுப்பதற்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டே பழகிய வாய். இப்போது கூப்பிட்டால் வருவார், அதுவும் தெரியும். வந்தால் அது உதவி. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அவள் மேசை விரிப்பு ஒன்றை எடுத்து உதறினாள்.

"அப்ப உதுக்கும் என்னட்டை ஒருதரும் கேக்க மாட்டினம். என்ன?" என்றார் றிச்சர்ட்.

"மாட்டினம்," என்றாள் அன்ரனெற், விரிப்பை மேசையில் போட்டு நீவியபடி. "ஒருதரும் கேக்க மாட்டினம்."

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு அடுத்த கதிரையை விரிக்கப் போனார்.

ஐந்தரைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. குருவானவர் செபித்தார். நிலாணி பச்சைச் சேலையில், இவான் கழுத்துப்பட்டி கொஞ்சம் கோணலாக, மோதிரம் மாற்றினார்கள். பாடகர் குழு பாலன் பாட்டைப் பாடியது. மெகன் கண்ணை மூடிக் கேட்டாள். றிச்சர்ட் படத்துக்கு நின்றார், கூப்பிட்ட பிறகு. நின்றுவிட்டு, மண்டபத்தின் பின்னால், சோற்றுத் தட்டங்கள் இருந்த மேசையருகே போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜூலியஸ் மைக்கை எடுத்தார். "அன்பார்ந்த உறவுகளே! இனி ஐந்து நிமிடங்களுக்கு இந்த மைக் ஓய்வெடுக்கும். காரணம் எனக்கும் சரியாகத் தெரியாது. தயவுசெய்து யாரும் கதைக்க வேண்டாம்." மைக்கைக் கீழே வைத்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

முதல் நிமிடம் சனம் சிரித்தது. இரண்டாவது நிமிடம் ஒரு குழந்தை சிணுங்கியது, யாரோ ஒருவரின் போன் அடித்து நின்றது. மூன்றாவது நிமிடம் உண்மையாகவே அமைதி வந்துவிட்டது. நூற்றைம்பது தமிழர் ஒரு மண்டபத்தில் சத்தமில்லாமல் இருப்பதை அன்ரனெற் இதற்குமுன் கண்டதில்லை.

இவான் தன் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கரெத் காலுக்கடியில் இருந்த பையைத் தொட்டான். கையை எடுத்துவிட்டான்.

நாலாவது நிமிடம். ஜூலியஸின் கை மைக்கை நோக்கி நகர்ந்தது. அன்ரனெற் அவரை ஒரு பார்வை பார்த்தாள். கை திரும்பிப் போனது.

கரெத் எழும்பினான்.

அவன் பின்னால் இவான். இருவரும் மேடையில் ஏறவில்லை, அதற்கு முன்னால் தரையில் போய் நின்றார்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கவில்லை. நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு நின்றார்கள். கரெத் சுருதிக் கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைத்தான். மெல்ல முனகினான். தொடங்கினார்கள்.

நல்ல குரல்கள்தான். ஆனால் அந்தப் பாட்டை ஆறு கிழமை தினமும் கேட்ட அன்ரனெற்றுக்கு அதன் அடித்தளம் இல்லாதது நெஞ்சில் பட்டது. இரண்டாம் வரி வந்தது. அந்த இறக்கம் வரவேண்டிய இடம் வெறுமையாகப் போனது. இவானின் குரல் அந்த இடத்தில் ஒருமுறை தடுமாறிப் பிறகு நிமிர்ந்தது. முதல் சரணம் முடிந்தது.

அன்ரனெற் தரையைப் பார்த்தாள். பின்னால் திரும்பிப் பார்ப்பதுகூட ஒரு கூப்பிடல்தான். பார்க்க மாட்டேன் என்று பல்லைக் கடித்தாள்.

பின்னால் ஒரு கதிரை தரையில் உரசியது.

அவர் அவசரப்படாமல் நடந்து வந்தார். அவளைக் கடந்து போகும்போது சட்டைப்பையில் கைவிட்டு, நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். தமிழ் எழுத்தில் வெல்ஷ் சொற்கள், அவளுடைய கையெழுத்து. காணாமல்போன பன்னிரண்டாவது தாள். நடுவில் விட்டிருந்த இடத்தில் போய் நின்றார். அண்ணனும் தம்பியும் பாட்டை நிறுத்தவில்லை. ஆனால் கரெத் கையிலிருந்த கொப்பியைக் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்தான். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இரண்டாம் சரணத்தின் இரண்டாம் வரி. றிச்சர்ட் இறங்கினார். படியில் காலை வைப்பதுபோல், நிதானமாக.

மெகனின் விரல்கள் அன்ரனெற்றின் மணிக்கட்டைப் பிடித்தன. வலித்தது. அன்ரனெற் கையை எடுக்கவில்லை. கண்ணீர் வழிந்து கன்னத்துப் பவுடர் கரைவதைப்பற்றியும் அவள் கவலைப்படவில்லை. இந்த மனிதரைக் கட்டிய நாளில்கூட இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். ஜூலியஸ் கையை உயர்த்தி அதை நிறுத்தினார். ஜூலியஸ்! கைதட்டலுக்காகவே பிறந்த மனிதர்! அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மெகன். "அது எம்லினின் இறக்கம். வேறு யாரும் அப்படிப் பாட மாட்டார்கள்."

அன்ரனெற் ஒளிக்கவில்லை. பதிவு, பன்னிரண்டு தாள், பாட இருந்தது, வெட்டியது, எல்லாவற்றையும் சொன்னாள். "என்னை மன்னிக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பாட்டைத் தெரியாமல் எடுத்துவிட்டேன்." போனைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். "அவர் குரல் இதில் இருக்கிறது."

மெகன் போனைப் பார்த்தாள். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. கையை நீட்டி, போனின் மேல் வைத்து மூடினாள்.

"இன்றைக்கு வேண்டாம்," என்றாள். "ஆனால் அழித்துவிடாதே."

அங்கே தரையில் மூன்று ஆம்பிளைகளும் இன்னும் நின்றார்கள். இவான் குனிந்து றிச்சர்டின் காதில் ஏதோ சொன்னான். நீளமில்லை, ஒரு வசனம் இருக்கும். றிச்சர்ட் அவனை நிமிர்ந்து பார்த்தார். பதில் அதைவிடச் சின்னது. இவானின் காது இரண்டும் சிவந்தன. எட்ட நின்ற நிலாணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தாயைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு ஜூலியஸ் இன்னும் அறிவிக்கவில்லை. றிச்சர்ட் நேரே தட்டங்கள் இருந்த மேசைக்குப் போனார். ஒரு தட்டை எடுத்தார். இரண்டு மட்டன் றோல்ஸை எடுத்து வைத்தார். ஒருவரும் கூப்பிடாமல்.

அன்ரனெற் பக்கத்தில் போய் நின்றாள். "என்ன கேட்டவன்?"

"கேக்க வேண்டியதைத்தான் கேட்டவன்." அவர் றோலைக் கடித்தார். "நல்லா உறைப்பு வைச்சிருக்கிறீர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு வாசலுக்கு வரச் சொன்னனான். அங்க வைச்சுச் சொல்லுறன் எண்டனான்."

"வாசலிலயோ? ஏன், இஞ்ச சொல்லேலாதே?"

றிச்சர்ட் யன்னலைக் காட்டினார். வெளியே மண்டபத்து விளக்கு வெளிச்சத்தில் பனி விழத் தொடங்கியிருந்தது. நேற்றிரவு விழுந்ததுபோல் விரல்கடை அளவுப் பனியில்லை அது, பெரும் பெரும் துண்டுகளாகக் கொட்டியது.

"இருபது சென்ரிமீற்றராம்," என்றார். "சவல் ரெண்டு கிடக்குது தானே?"